மரமாடிக்கு மெழுகு வைத்த மருமகள்

வசுந்தரா எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று விளக்கேற்றினாள். ஏற்றிய கையோடு நேரே கொல்லைப்பக்கம் போய்ச் சாயத்தொட்டியை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். கூட வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் சம்சாரம் சுந்தரவல்லிக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“சாயக்காரன் வீட்டுக்கு வாக்கப்பட்டுட்டு மூக்கைப் பொத்துறவளா நீ?”

“நாத்தமா இருக்குறதை நாத்தம்னு தானே அத்தை சொல்லணும்? நாளைக்குப் பழகிரும்.”

வீட்டுக்குள் நாங்கள் பேசுவது எங்கள் சௌராஷ்டிர பாஷை. படிக்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று எல்லாவற்றையும் மதுரைத் தமிழிலேயே போட்டிருக்கிறேன்.

அவள் பிறந்த வீடு பழங்காநத்தம். அவளுடைய அப்பா சேலைகளில் மெழுகு அச்சு வைக்கிறவர். காய்ச்சிய மெழுகில் அச்சைத் தோய்த்துத் துணியில் பதித்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பூவும் கொடியும் வெள்ளையாக நிற்கும். நாங்கள் தெற்குவாசலில் நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறவர்கள். ஒரே ஜாதி, ஒரே பாஷை என்றாலும் அவர்கள் வீட்டு வாசனை வேறு, எங்கள் வீட்டு வாசனை வேறு. நூலை நல்லெண்ணெயிலும் உமிரிச் செடியை எரித்த சாம்பல் கரைத்த தண்ணீரிலும் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, திரும்ப ஊறவைத்து, திரும்பக் காயவைத்து, அதன் பிறகுதான் சாயத்தில் போடுவோம். அந்த வாசனை புதிதாக வருகிறவர்களுக்குக் கஷ்டம்தான்.

அந்தப் பெண்ணிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் புதுச் சாமானைப் பார்த்தாலும் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பாள். புதுச் சேலையானாலும் சரி, புதுப் பானையானாலும் சரி. பூசிய சுவரைக்கூட விடமாட்டாள். ஏன் என்று கேட்டேன்.

“மனுசங்க கிட்ட கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக மாமா. தண்ணி உள்ளதைச் சொல்லிரும்” என்றாள்.

இனி மரமாடிக்கு வருகிறேன்.

எங்களுக்கு நூல் காயப்போட வைகைக் கரையில் ஒரு இடம் இருந்தது. ஒரு கார்த்திகை மாச வெள்ளத்தில் ஆறு அதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. வீட்டு மொட்டைமாடியில் போட்டுப் பார்த்தோம். சுண்ணாம்புத் தளம். தளத்தில் பட்ட நூலில் சிவப்பு சரியாகப் பிடிக்காமல் திட்டுத் திட்டாக நின்றது. என் மகன் ராஜாராமுக்கு வெறுத்துப்போயிற்று. அவனுடைய சித்தப்பா மகன் பம்பாயில் மில் வேலையில் இருந்தான். “வந்தால் வேலை இருக்கிறது” என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

“காயப்போட எடமில்லாத சாயக்காரன் என்ன சாயக்காரன்பா? நான் பம்பாய்க்குப் போறேன். எடம் பாத்துட்டு இவளையும் கூட்டிக்கிறேன்” என்றான்.

தீபாவளி வரைக்கும் பொறு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை. அவனும் போய், கலகலவென்று சிரிக்கிற அந்தப் பெண்ணும் போய்விட்டால் எங்கள் இருவருக்கும் அந்த வீட்டில் பேச்சுத்துணை சாயத்தொட்டிதான்.

அந்தச் சமயத்தில்தான் பக்கீர் முகமது மரத்தோடு வந்தான். அடுத்த தெருக்காரன். ரங்கூனில் ஒரு நீராவிப் படகில் சமையல்காரனாக இருந்தவன். அங்கே கலகம் நடந்த பிறகு படகு முதலாளி தொழிலை மூடியபோது, வேலைக்காரர்களுக்குக் கிடங்கில் கிடந்த பலகைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பக்கீர் தன் பங்கைத் தூத்துக்குடி வரை கப்பலிலும் மதுரை வரை ரயிலிலும் கொண்டுவந்து சேர்த்து, எங்கள் வாசலில் இறக்கிவிட்டான்.

“அண்ணே, இது பிங்காடோ. பர்மாக் காட்டு மரம். தண்ணியில போட்டா கல்லு மாதிரி முங்கிரும். ஆணி அடிச்சா ஆணிதான் வளையும்.”

“அம்புட்டு ஒசத்தின்னா நீயே வீடு கட்டிக்கிற வேண்டியதுதானே பாய்?”

“நான் கரண்டி புடிச்சவன்ணே. எனக்கு எதுக்கு மாடி? நான் கடல் தாண்டிக் கெடந்தப்ப, என் வீட்டுக்காரி மரியம் காய்ச்சல்ல கெடந்தா. கஞ்சி காய்ச்சி ஊத்துனது யாரு? அண்ணிதானே. இதை வேற யார் வாசல்ல எறக்கச் சொல்றீக?”

சுந்தரவல்லி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜாராம் பலகையைத் தூக்கிப் பார்க்கப் போய், தூக்க முடியாமல் சிரித்துவிட்டான். அவன் சிரித்து அப்போது வெகுநாள் ஆகியிருந்தது.

கொல்லையில் கல்தூண் நிறுத்தி, மேலே பலகை பரப்பி, நூல் காயப்போட ஒரு தளம் போட்டோம். சங்கிலி ஆசாரி பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டார். சுந்தரவல்லிக்கு அது பிடிக்கவில்லை.

“போடுறதே போடுறோம், எதுக்கு ஓட்டை விட்டுப் போடணும்?”

“ரங்கூன் துறையில படகு நிக்கிற மேடை பூராம் இப்படித்தான் அண்ணி,” என்றான் பக்கீர். “மேல விழுற தண்ணி கீழ போயிறணும். மரத்துக்கும் காத்து வேணும்ல.” அவன் அதை டெக்கு என்று சொன்னான். எங்கள் வீட்டில் மரமாடி என்று பேராகிவிட்டது.

பங்குனியில் போட்ட மாடி சித்திரை வெயிலுக்கே குரல் கொடுக்க ஆரம்பித்தது. உச்சிவேளையில் ‘டப், டப்’ என்று சத்தம் கேட்கும். ஏறிப் பார்த்தால் பலகை நுனிகளில் வெடிப்பு. வெயில் படாமல் இருக்கட்டும் என்று சுந்தரவல்லி சாக்குகளை நனைத்து மேலே விரித்தாள். சில நாள் கழித்துச் சாக்கைத் தூக்கினால் அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை.

பக்கீர் ஒரு யோசனை சொன்னான். “படகுல தெனம் விடியக்காலம் உப்புத்தண்ணி ஊத்தித்தான் டெக்கைக் கழுவுவாங்க. நான் அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கேன்.”

“அது கடல் தண்ணி பாய். மாடிக்குக் கடல் வேணும்னா தூத்துக்குடிக்கு இல்ல தூக்கிட்டுப் போகணும்?”

“உப்பை வாங்கிக் கரைச்சா கடல்தானேண்ணே!”

ஒரு மூலையில் ஊற்றிப் பார்த்தான். அந்த மூலை மட்டும் காயவே காயாமல், ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி எப்போதும் பிசுபிசு என்று நின்றது. வசுந்தரா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் “சமையக்கார மாமா ஊறப்போட்ட மூலை” என்று சொல்லிச் சிரிப்பாள்.

பிறகுதான் எங்கள் வீட்டாருக்கே உரிய ஒரு யோசனை வந்தது. ராஜாராம் சொன்னான்.

“நூலை என்ன செய்றோம்? எண்ணெயும் சாம்பத்தண்ணியும் கலந்து ஊட்டி வெயில்ல போடுறோம். அது எத்தனை தடவை தொவைச்சாலும் கெட மாட்டேங்குது. மரத்துக்கும் அதையே ஊட்டுவோம்.”

எல்லாருக்கும் சரி என்றே பட்டது. பரம்பரையாகச் செய்கிற காரியம். நூலுக்கு ஒத்துவருவது மரத்துக்கு ஒத்துவராதா? வீடே கூடி, மண்சட்டியில் எண்ணெயும் உமிரிச் சாம்பல் தண்ணீரும் பால் மாதிரி கலக்கி, தேங்காய்நாரால் பலகை பலகையாகத் தேய்த்தோம். காயவிட்டோம். திரும்பத் தேய்த்தோம். வசுந்தரா மட்டும் கையில் தண்ணீரோடு வந்து ஒரு சொட்டு விட்டாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

“வழவழங்குதே மாமா” என்றாள்.

“எண்ணெய்னா வழவழங்காம?” என்று அவள் புருஷன் அவளை அனுப்பிவிட்டான்.

கோடைமழை ஒன்று சாயங்காலமாகப் பிடித்தது. நூலை எடுக்க சுந்தரவல்லி மாடிக்கு ஓடினாள். ‘ஐயோ’ என்ற சத்தம் கேட்டு நாங்கள் ஓடினால், அவள் நடுமாடியில் உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறாள். சுற்றிலும் நுரை. எண்ணெயும் சாம்பல் தண்ணீரும் சேர்ந்து சோப்பாகிவிட்டிருக்கின்றன. மழை தட்டத் தட்ட மாடி முழுக்கப் பொங்கிப் பொங்கி நுரைத்து, இடுக்கு வழியாகக் கீழே ஒழுகிற்று. கீழே நின்ற பக்கீரின் தொப்பியில் ஒரு கட்டி நுரை விழுந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான்.

“அண்ணே! ஒங்க மாடி குளிக்குதுண்ணே!”

வசுந்தரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே தவழ்ந்து போய் மாமியார் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். சுந்தரவல்லியும் கடைசியில் சிரித்துவிட்டாள். ராஜாராம் சிரிக்கவில்லை. நனைந்து பலகைமேல் விழுந்துகிடந்த சிட்டம் சிட்டமாகச் சுற்றிய வெள்ளை நூலை எடுத்து விரித்துப் பார்த்தான். மரத்துக் கறை இறங்கி, பழுப்பாகக் கோடு கோடாக இருந்தது. சாயத்தில் போட்ட பிறகும் அந்தக் கோடு தெரிந்தது. சாயம் ஏற்றச் சொல்லி நூல் கொடுத்திருந்தவர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் ராஜாராம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தகரப்பெட்டி வாங்கி வந்து கூடத்தில் வைத்தான். பம்பாய்க்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போது வசுந்தரா முழுகாமல் இருந்தாள். எந்நேரமும் வாயில் புளி. எனக்குக் கனவு மாதிரி ஒரு எண்ணம் வரும். பேரப்பிள்ளை பம்பாயில் வளர்ந்து, எப்போதாவது ஒரு கல்யாணத்துக்கு வந்து, அம்மா சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு ‘இவர் யாரு?’ என்று என்னைக் காட்டிக் கேட்கும்.

ஒருநாள் காலையில் அவள் மாடியிலிருந்து கூப்பிட்டாள். “மாமா, கொஞ்சம் மேல வாங்க. நான் இப்ப தண்ணி விடுறேன், பாருங்க.”

பலகையின் நடுவில் ஒரு சொட்டு விட்டாள். அது அப்படியே நின்றது. பலகையின் வெட்டுமுனையில் ஒரு சொட்டு விட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் காணோம்.

“நடுவுல நிக்குது. முனையில குடிச்சிருது. இது குடிக்கிற வாய் இங்கதான் மாமா இருக்கு. இங்க குடிச்சுக் குடிச்சு, வெயில்ல காஞ்சு காஞ்சுதான் வெடிக்குது. எங்கப்பா அச்சு வைக்கிற மேஜை நான் பொறக்குறதுக்கு முந்தியே போட்டது. முத்தத்துலதான் கெடக்கு. வெயிலு, மழை எல்லாம் அது மேலதான். ஒரு வெடிப்புக் கெடையாது. ஏன்னு இம்புட்டு நாளா நான் யோசிக்கல. அதோட முனையெல்லாம் மெழுகு வழிஞ்சு வழிஞ்சு மூடிக் கெடக்கு.”

எனக்கு அவளுடைய அப்பா வீட்டு மேஜை கண்முன் வந்தது. கல்யாணம் பேசப் போனபோது அதன் ஓரத்தில்தான் நான் வெற்றிலை மடித்தேன்.

“துணியில சாயம் ஏறாம மெழுகு காக்குதுல்ல மாமா? மரத்துல தண்ணி ஏறாமயும் காக்கும்.”

நான் ராஜாராமைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் தகரப்பெட்டிக்குப் பூட்டு தேடிக்கொண்டிருந்தான்.

“எத்தனை யோசனைப்பா கேக்குறது? உப்பு ஒரு யோசனை, சாம்பல் ஒரு யோசனை. இப்ப மெழுகா? நான் தீபாவளி கழிஞ்சா போறது போறதுதான்.”

“போங்க, யாரு புடிச்சா?” என்றாள் வசுந்தரா. “போறதுக்கு முந்தி இந்த மாடியைக் கழுவிக் குடுத்துட்டுப் போங்க. நாறிப்போனது உங்க யோசனையாலதானே.”

ராஜாராம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

சாம்பல்காரத்தை முறிக்கப் புளிதான் சரி என்று அவளே சொன்னாள். தான் தின்ன ஒளித்து வைத்திருந்த பழம்புளியை எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். மனசே இல்லாமல்தான் கொடுத்தாள். கரைத்து ஊற்றி நாரால் தேய்த்தால், கறுத்துக் கிடந்த மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செவ்வரி ஓடிய தன் சொந்த நிறத்துக்கு வந்தது. நன்றாக அலசி, கம்பு நட்டு மேலே கீற்றுப் பந்தல் போட்டு, நிழலிலேயே உலரவிட்டோம். சாக்கு மாதிரி மரத்தின்மேல் ஒட்டிக் கிடந்தால் காற்றுப் போகாது என்று சுந்தரவல்லிதான் பந்தலை உயரத் தூக்கிக் கட்டச் சொன்னாள்.

பக்கீரும் சும்மா இருக்கவில்லை. நல்லெண்ணெய் காயாமல் பிசுக்காக நிற்கிறதைப் பார்த்துவிட்டு, கதவுக்கு வர்ணம் அடிக்கிறவர்கள் வாங்கும் ஆளிவிதை எண்ணெயைக் கடையில் விசாரித்து வாங்கி வந்தான். அது மரத்தில் இறங்கிக் காய்ந்துவிடுமாம். லேசாகச் சூடாக்கி, துணியால் மெல்லத் தடவி, மீந்ததை அப்போதே துடைத்து எடுத்தோம். பிறகு வசுந்தரா பழங்காநத்தத்துக்கு ஆள் அனுப்பி மெழுகுச் சட்டியை வரவழைத்தாள். தேன்மெழுகோடு குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சினாள். அந்த வாசனை மேலே வந்ததும் பக்கீர் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“அட அல்லாவே! படகுல இதைத்தான் காய்ச்சிக்கிட்டு இருப்பாங்க, தாயி. எனக்கு அந்தப் புகை சோத்துல எறங்குதேன்னு அவங்களோட சண்டைதான் போட்டிருக்கேன். எதுக்குக் காய்ச்சுறாங்கன்னு கேட்டேனா?”

“கேட்டிருந்தா நீங்க கப்பக்காரரா ஆகியிருப்பீக மாமா. எங்களுக்கு நெய்ச்சோறு ஆக்கிக் குடுக்க ஆளிருக்காது.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு பலகை முனைக்கும் அவளே மெழுகு வைத்தாள். “வேண்டாம்டி, எந்திரி” என்று சுந்தரவல்லி எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. வெடிப்புகளிலும் வழித்து விட்டாள். பலகை நடுவே இருந்த இடுக்குகளை மட்டும் தொடவில்லை. கடைசியாக, நூல் போடும் கம்புகளைத் திருப்பி நடச் சொன்னாள். உச்சிவெயிலில் நூலின் நிழலே மரத்தின்மேல் விழும்படி ஆயிற்று. நூல் இல்லாத நாளில் கீற்றுப் பந்தல்.

தீபாவளி வந்தது. ராஜாராம் புது வேட்டி கட்டிக்கொண்டான். பெட்டியில் துணிகளை அடுக்கினான். பழங்காநத்தத்திலிருந்து சம்பந்தி வீட்டார் பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிப்போக வந்தார்கள்.

“ஒரு மழை பெய்யட்டும், வாரேன்” என்றாள்.

“மழைக்கும் பிரசவத்துக்கும் என்னடி?” என்று அவள் அம்மா கோபித்துக்கொண்டாள்.

மழை வந்தது. ஐப்பசி மழை ஊற்று ஊற்று என்று ஊற்றிற்று. எல்லாரும் கொல்லைக் கதவைப் பார்த்தபடி இருந்தோம். மழை விட்டு வெயில் வந்ததும் வசுந்தரா எழுந்து படியேறப் போனாள். ராஜாராம் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ஏறினான். பின்னாலேயே நான். நுரை கிடையாது. தண்ணீர் இடுக்கு வழியே கீழே போய்விட்டிருந்தது. முனைகளில் மட்டும் முத்து முத்தாகச் சொட்டுகள் நின்றன. உள்ளே இறங்கவில்லை.

அவன் வெளுத்த வெள்ளை நூல் சிட்டம் ஒன்றை ஈரத்தோடு ஈரமாகப் பலகைமேல் எறிந்தான். அதன்மேல் ஏறி நின்று காலால் மிதித்தான். எடுத்து உதறி வெயிலுக்கு நேரே பிடித்தான். திருப்பினான். உள்பக்கம் பிரித்துப் பார்த்தான். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

“என்ன?” என்று கீழேயிருந்து அவள் கேட்டாள்.

அவன் அந்தச் சிட்டத்தைக் கம்பில் மாட்டினான். பிறகு, “தொட்டியில ஊறுற நூலை எல்லாம் பிழிஞ்சு மேல அனுப்பச் சொல்லு” என்றான். “இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு. வீணாக்கக் கூடாது.”

சுந்தரவல்லி அந்த நிமிஷமே கூடத்துக்குப் போய்த் தகரப்பெட்டியைத் திறந்து, அவன் துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். காலியான பெட்டிக்குள் மெழுகுக் கட்டியையும் குங்கிலியத்தையும் வைத்து மூடி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

தை மாசம் எனக்குப் பேத்தி பிறந்தாள். பக்கீர்தான் முதலில் ஓடிவந்து சொன்னான். பழங்காநத்தம் போய்ப் பார்த்தேன். கைவிரல் ஒவ்வொன்றும் அச்சில் வைத்து எடுத்த பூ மாதிரி. நான் விரலை நீட்டினால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். இவள் பம்பாயில் பிறக்கவில்லை. இங்கே, நான் நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் பிறந்திருக்கிறாள். மரம் சுமந்து வந்தவனுக்கும், மெழுகு காய்ச்சினவளுக்கும், எங்களை அன்றைக்கு நுரையில் வழுக்கவிட்டுக் கண்ணைத் திறந்த மீனாட்சிக்கும் நான் என்ன செய்து தீர்ப்பேன்? சாமி கும்பிடும்போது மூன்று பேரையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். பக்கீரிடம் சொன்னால், “என்னை எதுக்குண்ணே மீனாட்சியோட சேக்குறீக, அந்தம்மா கோச்சுக்கப் போறாக” என்று சிரிக்கிறான்.

போன வாரம் வசுந்தரா பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். சுந்தரவல்லி ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்தாள். சாயத்தொட்டி வாசனைக்குப் பிள்ளை மூக்கைச் சுளித்தது.

“ஆத்தாளுக்குப் பொண்ணு தப்பாமப் பொறந்திருக்கு!” என்றாள் சுந்தரவல்லி.

வசுந்தரா பிள்ளையை என் மடியில் போட்டாள். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு நேரே படியேறிவிட்டாள். மேலே அவள் காலடிச் சத்தம் பலகை பலகையாக நடந்து போவது எனக்குக் கேட்டது. அங்கங்கே நின்றது. திரும்ப நடந்தது.

“மாமா!” என்று குரல் வந்தது. “மேக்கால ஓரத்துல ரெண்டு பலகை தண்ணி குடிக்குது. நாளைக்கு ஒரு கை மெழுகு வைக்கணும். அந்தப் பெட்டியை எடுங்க, எம்புட்டு மிச்சம் இருக்குன்னு பாப்போம்.”

“எடுக்குறேன்மா” என்றேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பேத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள்.